குழந்தைப் படம் போட்ட டின்

என் அஞ்சலை அம்மாவுக்கு,

நீ போய்ப் பதினோரு நாளாகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. பெற்ற தாய்க்கு அழாத பெண்ணை ஊர் ஒரு மாதிரி பார்க்கிறது, பார்த்துவிட்டுப் போகட்டும். வேலை கிடக்கிறது. உன் டின்களை இறக்கித் துடைத்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

எத்தனை டின் அம்மா! பிஸ்கட் டின், பால்பவுடர் டின், மிராசுதார் வீட்டுக் கொல்லையில் பொறுக்கிய எண்ணெய் டின். நசுங்கியதைக் குழவியால் தட்டி நிமிர்த்தி, சாம்பல் போட்டுத் தேய்த்து, ஒரு பகல் வெயிலில் கவிழ்த்துவைத்த பிறகுதான் வீட்டுக்குள் சேர்ப்பாய். "இந்தத் தகரத்தையெல்லாம் பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டுரு வசந்தா, காலு நீட்ட எடம் கெடைக்கும்" என்கிறார் அப்பா. சரியென்று தலையாட்டினேன். இன்னும் ஒன்றைக்கூடப் போடவில்லை.

எல்லா டின்னிலும் உன் எழுத்து ஒட்டியிருக்கிறது. உப்பு, புளி, வரமிளகாய். கொத்தமல்லியில் ஒரு எழுத்தை முழுங்கியிருக்கிறாய். பால்வாடி டீச்சர் நான், இருந்தும் அதைத் திருத்தக் கை வரவில்லை.

ஐம்பது வயதில் நீ மாலை வகுப்புக்குப் போனாய். பகலெல்லாம் குனிந்து களை பறித்துவிட்டு சிலேட்டோடு கிளம்புவாய். "இந்த வயசுல என்னத்துக்கும்மா?" என்று கேட்டேன். "ஒரு காயிதம் படிக்கணும்" என்றாய். குடிமனைப் பட்டா வாங்கியிருந்தோமே, அதைத்தான் சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பழைய கதைக்கு வருகிறேன். உனக்குத் தெரியாததா? ஆனால் நான் என் வாயால் உன்னிடம் சொன்னதே இல்லை.

எனக்கு ஒன்பது வயது, தம்பி குமாருக்கு மூன்று. கூலித் தகராறில், விவசாயக் கூலிச் சங்கத்தின் கொடிக்கம்பம் நட்ட சண்டையில், அப்பா ஜெயிலில் இருந்தார். வலங்கைமான் பக்கத்து மிராசுதார் வயலுக்கு நீ களையெடுக்கப் போய்வந்தாய். கூலிக்கு அரைப்படி நொய் கொடுப்பார்கள். அதை இடித்து மாவாக்கி, குழந்தைப் படம் போட்ட பால்பவுடர் டின்னில் வைத்திருப்பாய். கறையானுக்குத் தூவ அப்பா முன்பே கொண்டுவந்திருந்த பூச்சிமருந்துத் தூள் மயில் படம் போட்ட டின்னில் இருந்தது. உனக்கு எழுத்து தெரியாது, படம்தான் அடையாளம்.

எங்கள் பள்ளிக்கூட அலமாரியில் ஒவ்வொரு புட்டிக்கும் வாத்தியார் பேர் எழுதி ஒட்டியிருந்தார். எனக்கும் ஆசை வந்துவிட்டது. நீ வயலுக்குப் போன ஒரு நாள், நோட்டுத் தாளைக் கிழித்துச் சோற்றுப் பசை தடவி எல்லா டின்னுக்கும் பேர் ஒட்டினேன். மயில் டின் மூடி தளர்ந்து கிடந்தது. விஷத்தை மூடி இறுகிய டின்னில்தானே வைக்க வேண்டும்? கெட்டிக்காரி இல்லையா நான், இரண்டையும் மாற்றிக் கொட்டினேன். குழந்தைப் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன்: பூச்சி மருந்து. தொடாதே.

சரியாகத்தான் எழுதினேன் அம்மா. ஒரு பிழைகூட இல்லை.

பொழுது சாயும் நேரம் நீ வந்தாய். நான் விளையாடப் போயிருந்தேன். நீ வந்ததும் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். அன்றைக்கு நீ வேலை செய்த வயலில் மருந்து தூவியிருந்தார்கள், உன் சேலையெல்லாம் அந்த வாடைதான். டின்னைத் திறந்தபோது அதனால்தான் உனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பசியில் கத்திய குமாருக்கு முதலில் கூழ் கொடுத்தாய்.

விடிவதற்குள் அவன் போய்விட்டான்.

காலையில் தெருவே திரண்டது. "மிராசுதார் நொய்யில விஷத்தக் கலந்துட்டான்" என்று யாரோ சொல்ல, அரிவாளோடு கிளம்பிவிட்டார்கள். நீ வாசலில் குறுக்கே நின்றாய். "யாரும் போவாதீங்க. அவங்க ஒண்ணும் செய்யல. என் கைதான். நாந்தான் டின்ன மாத்தி எடுத்துட்டேன்" என்றாய். நான் வாயைத் திறந்தேன். "நீ போயி ஒரு கொடம் தண்ணி எடுத்துட்டு வா" என்று என்னை அனுப்பிவிட்டாய். திரும்பி வந்தபோது எந்த டின்னிலும் தாள் இல்லை.

ஜெயிலிலிருந்து வந்த அப்பா அதற்குப் பிறகு உன் கையால் ஒரு வாய் வாங்கிச் சாப்பிடவில்லை. சமைப்பது நீ, போட வேண்டியது நான். எனக்குக் கல்யாணம் ஆகிப்போன பிறகு அவரே போட்டுக்கொண்டார். முப்பது வருஷம். ஒரு தடவையாவது உனக்குக் கோபம் வரவில்லையா? நிஜமாகவே உன் தவறு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாயா? படிக்கத் தெரியாதவளுக்கு அந்தத் தாள் என்னவென்று எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் என்னைச் சமாதானம் செய்துகொண்டே காலம் தள்ளிவிட்டேன். உன்னைத் தூக்கும்போதுகூட அத்தை, "தன் கையாலேயே புள்ளயக் கொன்னவளே" என்றுதான் ஒப்பாரி வைத்தாள். அப்போதும் நான் சும்மா நின்றேன்.

இன்று காலை, பரணில் கடைசியாக இருந்த டின்னை இறக்கினேன். குழந்தைப் படம் துருவேறி, கண் மட்டும் தெரிகிறது. அதை எங்கோ புதைத்துவிட்டாய் என்று நினைத்திருந்தேன். உள்ளே ஒன்றுமில்லை. மூடியின் உள்பக்கம் என் நோட்டுத் தாள் ஒட்டியிருந்தது. பென்சில் எழுத்து மங்கிப் போயிருக்க வேண்டும். அதன் மேலேயே நீ பேனாவால் ஒவ்வொரு எழுத்தாக எழுதியிருக்கிறாய். பூச்சி மருந்து. தொடாதே.

நீ படிக்க வேண்டும் என்று சொன்ன காயிதம் இதுதானா?

படித்த அன்று சாயங்காலம் நீ என்ன செய்தாய்? அதற்குப் பிறகு நான் வந்தபோதெல்லாம் வழக்கம்போலத்தான் எனக்குச் சோறு போட்டாய். மீன் தலையை என் தட்டில் வைத்தாய். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அப்பா "சாப்பாடு எடுத்துட்டு வா வசந்தா" என்று கூப்பிட்டார். போட்டுக் கொடுத்தேன். "நீ போட்டாத்தான் மனசு ஒப்புது" என்றார். என் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன் கருமாதி பதினாறாம் நாள். அத்தை வருவாள், சங்கத்துக்காரர்கள் வருவார்கள், அப்பா உட்கார்ந்திருப்பார். அந்த மூடியை எல்லார் நடுவிலும் வைத்து, எழுதியது யார் என்று சொல்லிவிடுவேன். அதற்கப்புறம் அப்பா என் கையால் சாப்பிடாவிட்டால் பரவாயில்லை. உன் படத்துக்கு முன்னால் வைக்கிற இலையிலிருந்து அவர் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட வேண்டும். அதுவரை நான் எழுந்திருக்க மாட்டேன்.

உன் மகள்,
குமாரின் அக்கா,
வசந்தா