சாமித்தட்டும் தண்ணீர்த் தாங்கியும்

ஜனவரி 2, வெள்ளி

தூறல். வெளியே 2 பாகை. பனி இல்லை. இந்த ஊருக்கு இது குளிரே அல்ல.

காலை பதினொரு மணிக்குக் கை கழுவக் குழாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. தாங்கி காலி. நேற்று மாலை நானே நிரப்பினேன், நூறு லீற்றர். நாங்கள் குடியிருக்கும் வண்டிக்கு அடியில் புல் சதசதவென்று ஈரம்.

குழாய் உறையவில்லை. உறையும் குளிரும் இல்லை. பிறகு எப்படி?

மனைவி சாமித்தட்டுக்கு முன்னால். பக்திப் பாட்டு உரக்க.

"தண்ணி எங்க?"

"என்னட்டைக் கேட்டால்? நான் குடிச்சிட்டனோ?"

வெளிக்குழாயிலிருந்து பிளாஸ்டிக் கானில் தூக்கி வந்து நிரப்பினேன். ஐந்து நடை. அவளைத் தொட விடவில்லை.

இன்று செய்தவை:
தண்ணீர் நிரப்பியது.
விளக்குக் கண்ணாடி கரி பிடித்துக் கறுப்பு. துடைத்தேன்.
காஸ் பாதி இருக்கிறது.
ஒரு பக்கம் எழுதினேன். முழுப் பக்கம். கை நோகிறது. நல்ல நோ.

ஜனவரி 3, சனி

மேகம். 4 பாகை.

தமிழ்ப் பள்ளிக்கூடம் போனேன். பெரியவர்கள் வகுப்பில் நாங்கள் நாலு பேர். எனக்கு எழுபத்தொரு வயது. முப்பத்தொரு வருடம் இந்த நாட்டு ஹோட்டல் சமையலறையில் நின்றேன், சாமான் பட்டியலைப் படமாகத்தான் மனதில் வைத்திருந்தேன். இலக்கம் மட்டும் தெரியும். இப்போது எழுத்து வந்துவிட்டது. பஸ்ஸில் யாரோ வைத்திருந்த தமிழ்ப் பேப்பரைத் தலைகீழாகவும் வாசித்தேன்.

ரீச்சர் நான் எழுதும் இந்தக் கொப்பியைப் பார்த்தா. "எழுதிப்போட்டு மூடி வைக்கிறேல்லை ஐயா. திருப்பி வாசிக்கவேணும்." சரி என்றேன். இன்னும் வாசிக்கவில்லை. எழுதவே நேரம் போதவில்லை.

மனைவியின் பெயர் புவனேஸ்வரி. ஒருமுறை எழுதத் தேநீர் ஆறிவிடுகிறது. இனி பு. மகள் மாலா. இரண்டே எழுத்து. அந்தக் காலத்திலேயே யோசித்து வைத்திருக்கிறேன்.

பு. தண்ணீர் போன கதையை மாலாவுக்குச் சொல்லிவிட்டாள். மாலா எனக்குப் போன் எடுத்தாள்.

"அப்பா, போன வருசம் தண்ணி இல்லாமல் அம்மா கான் தூக்கப் போய் விழுந்தவ. ஆறு கிழமை மணிக்கட்டில கட்டு. மறந்திட்டியளோ?"

மறக்கவில்லை. அதனால்தான் பு. கானைத் தொடக்கூடாது.

மாலா எட்டு வயதிலிருந்து எனக்கு வரும் இந்த நாட்டு மொழிக் கடிதங்களை வாசித்தாள். படிவம் நிரப்பக் கந்தோருக்கு வந்து, அப்பா கண்ணாடியை மறந்து போனார் என்று அவளே சொல்லுவாள். ஒருநாளும் என்னை வெட்கப்பட விடவில்லை. இதை அவளுக்கு நான் சொன்னதில்லை.

ஜனவரி 6, செவ்வாய்

இரவு -2. காலையில் புல் வெள்ளை. தண்ணீர் அசையவில்லை! குழாய் ஒழுங்காக ஓடுகிறது. குளிருக்குத் தாங்கியில் நிற்கிறது, குளிரில்லாத நாளில் வெளியே ஓடுகிறது. விசர் வண்டி.

கதவிடுக்கில் பழைய சால்வை வைத்தேன். காற்றுத் துளைகளை மூடவில்லை. காஸ் எரியும் இடம், மூடக்கூடாது.

புட்டு அவித்தோம். யன்னல் எல்லாம் வியர்வை. மேல் யன்னலைக் கொஞ்சம் திறந்து, துடைத்து, துணியைப் பிழிந்தேன். ஒரு பேணித் தண்ணீர். பு. சொன்னாள், "தாங்கியில இல்லாட்டிலும் யன்னலில கிடைக்குது."

பக்கத்துக் கால்வாயில் நிலக்கரிக் கப்பல் ஒன்று போனது. கையைக் காட்டினேன். கப்பல்காரனும் காட்டினான்.

ஜனவரி 9, வெள்ளி

மழை. 3 பாகை. மறுபடியும் போய்விட்டது.

பத்தரை மணி. தாங்கி காலி. வண்டிக்கு அடியில் ஈரம். பு. தலை முழுகிவிட்டு விளக்கேற்றிப் பாட்டுப் போட்டிருந்தாள். அந்தச் சத்தத்தில் தண்ணீர்ப் பம்ப் ஓடியது கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை என்றால் அவளுக்கு விளக்கு விடியலிலிருந்து பொழுதுபடும்வரை எரியவேண்டும். மற்ற நாளில் மாலையில் ஐந்து நிமிடம்தான்.

நல்லெண்ணெய் முடிகிறது. வாங்கவேண்டும்.

இம்முறை மாலாவுக்கு நானே சொன்னேன். ஒளிக்கவில்லை. எத்தனை லீற்றர் என்று கேட்டாள். பிறகு:

"அப்பா, வீடு ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன். எனக்குக் கிட்ட. லிப்ட் இருக்கு. வாற வெள்ளி ரெண்டு மணிக்கு வரச்சொல்லித் தெர்மீன் தந்திருக்கினம். கையெழுத்து வைக்கவேணும்."

"தண்ணி தாங்கியில நிண்டால்?"

"நிண்டால் தெர்மீனை விடுறன். இன்னொருக்காப் போனால் நீங்கள் கதைக்கக்கூடாது."

"சரி."

சரி என்று சொன்னது என் வாய் மட்டும்தான். போன வருடம் அவள் வீட்டில் மூன்று மாதம் இருந்தோம். நன்றாகப் பார்த்தாள். எல்லாம் தானாக நடந்தது, சூடு, தண்ணீர், குப்பை. எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. இங்கே காலையில் எழும்பினால் ஏழு வேலை. பு. பக்கத்தில் இருக்கும் எங்கள் கோயிலின் மணி கேட்டு எழும்புகிறாள்.

பரவாயில்லை. நான் கண்டுபிடிப்பேன்.

ஜனவரி 10, சனி

பக்கத்து வண்டியில் இருக்கும் வெள்ளைக்காரர், ஊவ, வந்தார். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். என்னை மைஸ்டர், வேலையில் கைதேர்ந்தவர், என்பார். கட்டிலுக்குக் கீழே உள்ள பெட்டியைத் திறந்து, சுடுதண்ணீர்ப் பொயிலருக்குப் பக்கத்தில் நீலப் பொத்தான் ஒன்றைக் காட்டினார்.

"இது காவல்காரன், மைஸ்டர். பெட்டிக்குள் 3 பாகைக்குக் கீழே போனால் தானே திறக்கும். உறைந்து பொயிலர் வெடிக்காமல் தண்ணீரை வெளியே விட்டுவிடும்."

"தாங்கித் தண்ணீருமா?"

"பம்ப் போட்டிருந்தால் அதுவும்."

உடுப்புக் கவ்வியால் பொத்தானை இறுக்கலாமா என்றேன். தலையை ஆட்டினார். "உண்மையாக உறைந்தால் பொயிலர் போய்விடும். காவல்காரனின் கழுத்தை நெரிக்காதே."

ஆகவே கள்வன் பொத்தான் இல்லை. பெட்டி குளிர்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் குளிர்கிறது? இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் என் பழைய வெப்பமானியைப் பெட்டிக்குள் வைத்தேன். 8 பாகை. நல்ல சூடு.

கண்டுபிடித்துவிட்டேன்! வெள்ளிக்கிழமை வார இறுதி ஆட்கள் தங்கள் வண்டிகளோடு இந்த இடத்துக்கு வருவார்கள். எல்லோரும் மின் அடுப்புப் போட, கரண்ட் குறைந்து எங்கள் ஹீற்றர் சோர்ந்துவிடும். பு.விடம் சொன்னேன். "உங்களுக்கு மூளை இப்பதான் வேலை செய்யுது," என்றாள். பாராட்டுத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 12, திங்கள்

வெயில்! 6 பாகை. பெட்டிக்குள் 9.

நேரே போய், வண்டிகள் நிற்கும் இந்த இடத்தின் பொறுப்பாளர் அம்மாவிடம் முறையிட்டேன். வெள்ளிக்கிழமை கரண்டைக் கூட்டித் தரவேண்டும் என்றேன். அவ கண்ணாடியைக் கழற்றினா. உங்கள் ஹீற்றர் காஸில் ஓடுகிறது, விசிறி பற்றறியில் ஓடுகிறது என்றா. இந்தக் குளிரில் வார இறுதிக்கு யார் வருகிறார்கள் என்று கேட்டா.

வெளியே பார்த்தேன். முழு இடத்திலும் எங்கள் வண்டி, ஊவ வண்டி. ஒரு பூனை.

நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

"கரண்ட் கூடுமாமோ?" என்று பு. கேட்டாள்.

"நீர் சும்மா இரும்."

ஜனவரி 14, புதன்

இரவு -3. பெட்டிக்குள் 7. தண்ணீர் அசையவில்லை.

நாளைக்குப் பொங்கல். அரிசி, பயறு, சர்க்கரை, முந்திரிகை எல்லாம் உண்டு. நல்லெண்ணெய் வாங்கினேன், பெரிய போத்தல். பானை கழுவியது நான்.

நாளை மறுநாள் தெர்மீன். இரண்டு நாள்தானே. பயப்பட ஒன்றும் இல்லை. இரவில் இரண்டு தரம் எழும்பி வெப்பமானியைப் பார்த்தேன், பழக்கத்துக்காக.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

மேகம். 1 பாகை.

விடிய ஐந்தரைக்குப் பு. விளக்கேற்றினாள். ஏழு மணிக்கு வெளியே கூடாரத் துணிக்குக் கீழே அடுப்பு வைத்தோம். பால் கிழக்கே பொங்கியது. ஊவ ஓடி வந்து தீப்பிடித்துவிட்டதா என்று கேட்டார். ஒரு கிண்ணம் கொடுத்தோம். இனிப்புச் சோறா, நெய் மிதக்கிறதே என்றார். இரண்டாம் கிண்ணமும் தின்றார்.

பத்து மணிக்கு உள்ளே பம்ப் ஓடும் சத்தம். இன்று பாட்டு இல்லை, கேட்டுவிட்டது. ஓடிப்போய் நிறுத்தினேன். பாதித் தாங்கி போய்விட்டது. வெப்பமானி 2.

வியாழக்கிழமை. வெள்ளி அல்ல.

பு. கட்டிலில் இருந்துவிட்டாள். "மாலாவுக்குச் சொல்லாதேங்கோ. பாதிதானே போனது."

ரீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. கொப்பியை எடுத்தேன். விரல் வைத்து முதலிலிருந்து வாசித்தேன். ஒரு மணித்தியாலம் எடுத்தது. இரண்டாம் தேதி: விளக்குக் கண்ணாடி கறுப்பு. ஒன்பதாம் தேதி: விடியலிலிருந்து விளக்கு. நேற்று: நல்லெண்ணெய், பெரிய போத்தல்.

நிமிர்ந்து சாமித்தட்டைப் பார்த்தேன். விளக்கு எரிகிறது. அதற்கு ஒரு சாண் மேலே சுவரில் சின்ன வெள்ளை மூடி. ஆணியை மறைக்கும் மூடி என்று நினைத்துத்தான் அதற்குக் கீழே தட்டு அடித்தேன். தொட்டேன். சுட்டது.

ஊவவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் விளக்கைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், சிரிப்பில் கட்டிலில் விழுந்தார். ஹீற்றருக்கு அறை எவ்வளவு சூடு என்று சொல்வதே அந்த மூடிதானாம். விளக்குச் சூட்டில் அது, வீடு வெந்து போகிறது, நிறுத்து என்று சொல்லியிருக்கிறது. ஹீற்றர் படுத்துவிட்டது. முன்னுக்கு அடுப்பும் விளக்கும் இருப்பதால் எங்களுக்குக் குளிர் தெரியவில்லை. பின்னால் பெட்டி மட்டும் குளிர்ந்தது.

விளக்கை மேசைக்கு மாற்றினேன். கொஞ்ச நேரத்தில் ஊ என்று ஹீற்றர் எழும்பியது. அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

இனிச் சண்டை. நாளை வெள்ளி. சாமிக்கு முன்னால் விளக்கு எரியாமல் விடமாட்டாள்.

"தட்டை எதிர்ச் சுவருக்கு மாத்துவம்," என்றேன்.

"மாத்தினால் சாமி மேற்கை எல்லோ பாக்கும்? கிழக்குப் பாத்த சாமியைத் திருப்ப விடமாட்டன்."

"மேற்கும் நல்லதுதானாம்."

"ஆர் சொன்னது? ஊவவோ?"

யோசித்தேன். பிறகு சொன்னேன். "சாமியைத் திருப்ப வேண்டாம். வீட்டைத் திருப்புவம்."

அவள் என்னைப் பார்த்தாள். கல்யாண நாளில்கூட அப்படிப் பார்க்கவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

2 பாகை. தூறல். முதல் வெள்ளி மாதிரியே. நல்ல பரீட்சை.

ஆறரைக்கு வேலை தொடங்கியது. கரண்ட் கம்பி கழற்றினேன். கூடாரத் துணி மடித்தேன். தட்டை எதிர்ச் சுவரில் அடித்தேன், கறள் பிடிக்காத நாலு ஆணி. பானை சட்டி எல்லாம் கட்டிலில். பு. படங்களை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில், பெல்ட் போட்டு.

ஊவ நடு வழியில் நின்று கை காட்டினார். பின்னுக்கு, பின்னுக்கு, நில். முன்னுக்கு. வண்டி வேலியில் ஒருமுறை இடித்தது. வேலிக்கு ஒன்றும் இல்லை. எட்டு மணிக்கு வண்டி முழுசாகத் திரும்பி நின்றது. சாமி கிழக்கே பார்த்தது. பு. விளக்கேற்றினாள்.

ஒன்பது மணி, பெட்டிக்குள் 6.
பத்து மணி, 8.
பதினொன்று, 8.
பன்னிரண்டு, 8. பார்க்காமலே எழுதலாம் போலிருந்தது. பார்த்துத்தான் எழுதினேன்.

ஒன்றேகாலுக்கு மாலா வந்தாள். கையில் வீட்டுப் பத்திரம். கதவு இருந்த பக்கத்தில் சுவர். வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"என்னப்பா இது, கதவை எங்க கொண்டு போனியள்?"

உள்ளே வந்து முதல் வேலையாகக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வந்தது. கையைக் கழுவினாள். பு. முகத்தில் சிரிப்பு.

"அப்ப போன வெள்ளிக்குப் பிறகு ஒருக்காலும் போகேல்லைத்தானே?" என்றாள் மாலா.

மேசைக்குக் கீழே பு. என் காலை மிதித்தாள்.

"நேற்றுப் போனது," என்றேன்.

மாலா பத்திரத்தை மேசையில் வைத்தாள். "அப்பா, நாங்கள் கதைச்சது என்ன?"

"கதைக்கக்கூடாது எண்டு. நான் கதைக்கேல்லை பிள்ளை. வாசிக்கிறன்."

கொப்பியை எடுத்தேன். மாலாவுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துத் தெரியாது. எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். விரல் வைத்து மெதுவாக வாசித்தேன். இரண்டாம் தேதி. மூன்றாம் தேதி. புட்டு. ஊவ. கரண்ட் கதைக்கு விழுந்து சிரித்தாள். விளக்குக் கதைக்குச் சிரிக்கவில்லை, எழும்பிப்போய்ப் பழைய சுவரில் மூடியைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. பெட்டியைத் திறந்து வெப்பமானியையும் பார்த்தாள். 8.

திரும்பி வந்து இருந்தாள். கொப்பியின் முதல் தாள்களைப் புரட்டினாள்.

"இஞ்ச விரல் ஒரு துண்டு பாய்ஞ்சது, அப்பா. பாத்தனான். நாலு வரி விட்டிட்டியள்."

"அது சும்மா."

"நான் எத்தினை கடிதம் உங்களுக்கு முழுசா வாசிச்சனான்? ஒரு வரி விட்டனானோ?"

விடவில்லை.

ஆகவே வாசித்தேன். மூன்றாம் தேதி, மாலா எட்டு வயதிலிருந்து. எழுத்துக் கூட்டி வாசித்ததால் நேரம் எடுத்தது. பு. யன்னலைத் துடைத்துக்கொண்டு நின்றாள், காய்ந்த யன்னலை.

மாலா எழும்பினாள். கேத்திலை எடுத்துக் குழாயைத் திறந்தாள். மூன்று பேருக்குத் தேவையானதைவிட அதிகம் பிடித்தாள். நிறைந்து வழிந்தது, மூடவில்லை.

இப்போது இரண்டரை, தெர்மீன் தாண்டி அரை மணி. பத்திரத்துக்கு மேல் தேநீர்க் கோப்பை இருக்கிறது. மாலா இன்னும் போகவில்லை.