மாத்திரையும் பாவுக் கஞ்சியும்

ஆடிக் கிருத்திகை, இரவு.

இன்று விரதத்தை முறித்தேன். வருத்தமில்லை.

போன கிருத்திகையன்று ராட்டை சுற்றிச் சுற்றித் தோள் கழன்றுவிடும்போல வலித்தது. "மாத்திரை என்ன அன்னமா சாமி? விரதம் கெடாது, முழுங்கு" என்றார் மாமியார். நம்பி, வெறும் வயிற்றில் ஆஸ்பிரின் இரண்டு விழுங்கினேன். வலி போனது உண்மை. ஆனால் வயிறு எரிந்து இரண்டு நாள் சுருண்டு கிடந்தேன். "மாத்திரை நல்லதுதான் அம்மிணி. வெறும் வயித்துல போட்டா குடலப் புண்ணாக்கிப்போடும்" என்றார் கம்பவுண்டர்.

இன்று காலையும் அதே வலி. தறிக்கு ஏற்றும் பாவு நூலைத் தெருவில் நீளமாக விரித்து, கஞ்சி போட எனக்காக வீட்டார் காத்திருந்தார்கள். விரதமென்பதால் வீட்டில் வேறு சமையல் இல்லை. பாவு நூலுக்குப் போடக் காய்ச்சிய அரிசிக்கஞ்சிதான் அடுப்பில் இருந்தது. ஒரு சொம்பு மொண்டு, உப்புப் போட்டு, மாமியார் கண்ணெதிரிலேயே குடித்தேன். பிறகு ஒரே ஒரு மாத்திரை.

"கிருத்திகையும் அதுவுமா, பாவுக் கஞ்சியப் போய்க் குடிக்கிறயே!"

"கஞ்சியில்லாட்டி நூலே அறுந்துபோவுதுங்க அத்தை. நான் மட்டும் தாங்குவனா?"

பாவு முடிந்தது. வயிறு இதுவரை சும்மா இருக்கிறது. விடிந்தால்தான் நிச்சயம் தெரியும். முருகனுக்குக் கோபமிருந்தால் நேரில் வந்து கேட்கட்டும். அவனுக்கும் ஒரு சொம்பு கஞ்சி தருவேன்.