மடிப்பில் ஒரு விரல் துணி

ஜூன் 4

நூலகத்தில் திமிங்கிலங்களைப் பற்றிய புத்தகம் கிடைத்தது. படிக்க முடியவில்லை. அக்கா போனதிலிருந்து எந்தப் புத்தகமும் மூன்றாவது பக்கத்தைத் தாண்டுவதில்லை. பரீட்சையில் தவறிவிட்டாள் என்று தெருவே பார்க்க அப்பா அவளை அறைந்தார். இனி இந்த வாசப்படி ஏறாதே என்றார். அவளும் ஏறவில்லை. இப்போது அப்பாதான் தினமும் காவல் நிலையப் படி ஏறி இறங்குகிறார். அம்மா அக்காவுக்கும் சேர்த்து நாலு தட்டு வைக்கிறாள். அவள் தட்டில் சாப்பாடு ஆறிப்போகிறது.

ஜூன் 9

அக்காவைப் பார்த்துவிட்டேன்.

நூலகத்துக்குப் பின்னால் மூடிக்கிடக்கும் நீச்சல் குளம். தண்ணீர் இல்லை. நீல ஓடு பதித்த ஆழமான பக்கத்தில் அட்டைகளை விரித்துப் பிள்ளைகள் குடியிருக்கிறார்கள். எல்லோரும் வீட்டை விட்டு ஓடி வந்தவர்கள். வெயில் நன்றாக அடித்தது, ஆனால் பலருக்கு நிழல் வெளிறியிருந்தது. சிலருக்கு நிழலே இல்லை. அக்காவுக்கு இன்னும் முழுசாக இருக்கிறது.

"வா, அகராதி" என்றாள். என்னை அப்படிக் கூப்பிடுவது அவள் மட்டும்தான். அழுதுவிட்டேன். வீட்டுக்கு வா என்றதற்கு, அப்பா முகத்தில் விழிக்கமாட்டேன் என்றாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அவள் உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. இந்த வெயிலில் எப்படிக் குளிரும்?

ஜூன் 10

அங்கே எல்லாவற்றையும் நடத்துகிறவளுக்கு ஆணி என்று பெயர். என்னைவிடச் சின்னவள். அதிகாரம் மட்டும் தலைமை ஆசிரியர் மாதிரி. வீட்டில் கிடக்கும் நம் சாமான்கள் நம்மை இழுத்துக்கொண்டே இருக்குமாம், குளிர் அதனால்தானாம். எல்லாவற்றையும் எடுத்து வந்துவிட்டால் நின்றுவிடுமாம்.

எடுத்துப் போவதில் என்ன கஷ்டம்? என் பையில்தான் இடம் இருக்கிறதே.

ஜூன் 13

ஸ்வெட்டர், சீப்பு. பிள்ளைகள் வரிசையாக வந்து ஒவ்வொன்றையும் தொட்டு, "வந்துடுச்சு" என்றார்கள். அதுதான் அவர்கள் வழக்கம். அக்காவின் நடுக்கம் கொஞ்சம் குறைந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஜூன் 16

தலையணை. பையில் அடங்கவில்லை. பாடப் புத்தகங்களை வீட்டில் வைத்துவிட்டுப் போய் வகுப்பில் திட்டு வாங்கினேன்.

ஜூன் 20

செருப்பு, குடை, பிடி உடைந்த அவளுடைய குவளை. அப்பா இப்போதெல்லாம் காவல் நிலையம் போவதில்லை. கோபம் போல. கேட்கப் பயமாக இருக்கிறது.

ஜூன் 24

பாட்டுப் போட்டியில் அவள் வாங்கிய கோப்பையும் போய்ச் சேர்ந்தது. அலமாரியில் அவள் பக்கம் காலி. அக்காவுக்குக் குளிரே இல்லையாம். நூலகம் வரை என்னோடு நடந்து வந்தாள். வழியில் பக்கத்து வீட்டு அத்தை, அக்காவை இடுப்பில் தூக்கி வளர்த்தவர், "யாரும்மா இது, புதுத் தோழியா?" என்றார். அக்கா முகத்தை மாற்றாமல், "ஆமா ஆன்ட்டி" என்றாள். எங்களுக்குச் சிரித்து மாளவில்லை.

படுத்தபிறகுதான் பயம் வந்தது. அத்தை விளையாடவில்லை.

ஜூன் 25

அம்மா மூன்று தட்டு வைத்தாள்.

"அக்காவுக்கு?" என்றேன்.

"எந்த அக்காவுக்கு?"

நான்தான். நான்தானே ஒவ்வொண்ணா தூக்கிட்டுப் போனேன். ஏன் யோசிக்கல? இவ்வளவு படிக்கிறேனே, ஏன் ஒரு நிமிஷம் யோசிக்கல –

ஜூன் 26

குவளையையாவது திரும்ப எடுத்து வரப் போனேன். ஓட்டோடு ஓடாக ஒட்டிக்கொண்டு அசைய மறுக்கிறது. நகம் உடைந்ததுதான் மிச்சம். விஷயத்தைச் சொன்னதும் அக்காவின் முகம் செத்துவிட்டது. அவளுக்கும் இது தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று ஆணியைப் பிடித்து உலுக்கினேன்.

"சொன்னா யாரு கொண்டு வருவா? குளிர்ல விறைச்சுத்தான் கிடக்கணும்" என்றாள். பிறகு மெதுவாக, "எனக்கும் என் தங்கச்சிதான் கொண்டு வந்தா. இப்ப எதிர்ல வந்தாலும் அவளுக்கு என்னைத் தெரியல" என்றாள்.

ஜூன் 28

அக்கா வீட்டுக்கு வந்தாள்.

கதவைத் திறந்தது அப்பா. "யாரும்மா வேணும்?" என்றார். அன்பாகத்தான் கேட்டார். அவளிடம் அவர் அவ்வளவு அன்பாகப் பேசி நான் கேட்டதே இல்லை. இது அக்காப்பா, நம்ம அக்கா என்று நான் கத்தினேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் அக்காவுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். அக்கா ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். "ரொம்ப நன்றிம்மா" என்றாள். தண்ணீர் கொடுத்தவரை எல்லோரும் அம்மா என்றுதானே சொல்வார்கள்.

கதவைச் சாத்திவிட்டு அம்மா, "பாவம், யார் பெத்த பொண்ணோ" என்றாள்.

ஜூலை 2

எனக்கு மட்டும் ஏன் நினைவிருக்கிறது? நாள் பூராவும் இதே யோசனை. மாலையில் உடை மாற்றும்போது புரிந்தது. என் பள்ளிப் பாவாடை அக்காவுடையது. அவளுக்குச் சின்னதானதும் எனக்கு வந்தது.

வீட்டில் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.

ஜூலை 9

பாவாடை முட்டிக்கு மேலே ஏறிவிட்டது. புதுசு தைத்துத் தருகிறேன், இதைக் கிழித்து அடுப்பு துடைக்க வைத்துக்கொள்ளலாம் என்றாள் அம்மா. கொடுக்கமாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். இந்த வயதில். கடைசியில், கீழ் மடிப்பில் துணி இருந்தால் இறக்கிக் கொடு என்று கெஞ்சினேன். தையல் கடையில் அம்மாவுக்கு இதுதானே வேலை, அடுத்தவர் துணியை இறக்குவதும் பிடிப்பதும்.

மடிப்பைப் பிரித்தாள். ஒரு விரல் அகலம் இருந்தது. இந்த வருஷத்துக்குப் போதும். பிறகு இடுப்புப் பட்டையைப் புரட்டினாள். பிரித்த பழைய தையலின் ஓட்டைகள். விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இது என் தையல்தான். ஆனா உன் இடுப்பு அளவு இல்லையே. யாருக்குத் தச்சேன்?"

"அக்காவுக்கு."

இந்த முறை எந்த அக்கா என்று கேட்கவில்லை. பாவாடையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். ஊசியில் நூல்கூடக் கோக்கவில்லை. வாசல் விளக்கை அணைக்கப் போனேன்.

"இருக்கட்டும்" என்றாள்.