ரம்ஸி பேக் குடித்த காபி

ஐன் ஸஃபா
7 மே 1996

என் கண்ணான தங்கை நஜ்லாவுக்கு,

அண்ணன் ஃபாயெஸ் எழுதுவது. எல்லோரும் நலம். தொலைக்காட்சியில் எட்டு மணிச் செய்தி வாசிக்க நீ வந்துவிட்டால் கடைத்தெருவே கப்சிப். "நம்ம ஊர்ப் பொண்ணு பேசறா, வாயை மூடுங்கடா!" என்று கடைக்கார அபூ வாயெல் பெரியவர்களையே அதட்டுகிறார். எனக்குப் பெருமையில் தலைகால் புரிவதில்லை. கடிதம்தான் போடமாட்டேன் என்கிறாய்.

பரம்பரை 'பேக்' பட்டம் சுமக்கும் உன் முதலாளி ரம்ஸி பேக்கின் கல்குவாரியால் நம் ஊற்று சேறாகிவிட்டது. ஆப்பிள் தோட்டத்துக்குப் பாய்ச்ச வழியில்லை. ஊரே வழக்குப் போட்டிருக்கிறது, முதல் பெயர் என்னுடையது. தேர்தல் வருகிறதல்லவா, ஞாயிற்றுக்கிழமை அவரே நம் வீட்டுக்கு வருகிறாராம், கேமராவோடு. நம் வழக்கப்படி காபியைக் கீழே வைத்துவிட்டு, "கேட்டதைக் கொடுத்தாத்தான் குடிப்பேன்" என்று உட்கார்ந்தால் நான் என்ன செய்ய? விருந்தாளி காபி குடிக்காமல் எழுந்துபோன வீடு என்ற பெயர் நமக்கு இதுவரை இல்லை.

அண்ணன் ஃபாயெஸ்

பெய்ரூத்
10 மே

அன்புள்ள அண்ணா,

கோபித்துக்கொள்ளாதே, இங்கே மூச்சுவிட நேரமில்லை.

ஒன்று சொல்கிறேன், பதறாதே. ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போவதை இன்றைக்கே எழுதி வைத்துவிட்டார்கள். ஐன் ஸஃபா மக்கள் வழக்கைத் திரும்பப் பெற்றார்களாம். திங்களன்று நான்தான் வாசிக்க வேண்டும். "உங்க அண்ணன்தானே, சொல்லி வையுங்க" என்று மேலாளர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பலர் இப்போது வேலையில் இல்லை. தொலைக்காட்சி அவர்களுடையது, மலை அவர்களுடையது, நாளைக்குப் பதவியும் அவர்களுடையது. இவர்கள் சொல்வதில் எதை நம்புவது?

என் வேலையை நினைத்து மட்டும் நீ தலையாட்டிவிடாதே.

உன் நஜ்லா

ஐன் ஸஃபா
12 மே

நஜ்லா கண்ணு,

வந்தார். பயந்தபடியே கோப்பையைத் தரையில் வைத்தார். "ஃபாயெஸ், வழக்கை விட்டுடு. அப்பத்தான் குடிப்பேன்." வீடு நிறைய ஆட்கள். என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, "குடிங்க பேக்" என்று.

அப்போது கேமராக்காரன், "பேக், வெளிச்சம் போகுது, குடிக்கிற மாதிரி ஒரு படம் வேணுமே" என்றான். மனுஷன் எடுத்து உறிஞ்சிவிட்டார்! படம் சரியாக விழவில்லை என்று இன்னொரு வாய் வேறு! "குடிச்சாச்சு, கேட்டதும் போச்சு!" என்று அபூ வாயெல் தொடையில் தட்டிச் சிரித்தார். "உடம்புக்கு நல்லதாகட்டும் பேக், வழக்கு வெள்ளிக்கிழமை" என்றேன் நான். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் அந்தப் படத்தைத்தான் நாளை காட்டுவார்கள். அதற்கு முன் உன் கைக்கு வரட்டும் என்று இதை விடியற்காலை பெய்ரூத் வேன்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் குடித்ததைப் பார்ப்பவன், நான் கொடுத்துவிட்டேன் என்றுதான் நினைப்பான். நம் மானம் போகும். போனாலும் சரி, அவர்கள் எழுதிக் கொடுத்ததையே நீ வாசி. உன் பிழைப்பு அது. அண்ணன் வருத்தப்பட மாட்டேன்.

ஃபாயெஸ்

பெய்ரூத்
14 மே

அண்ணா,

நேற்று ஏழரைக்கே ஊரில் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டார்களாமே, வேன்காரர் சொன்னார். அதுவும் பேக்கின் ஆள் நடத்துவதுதானே. நீங்கள் யாரும் பார்க்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

படம் ஓடியது. காகிதத்தைக் கவிழ்த்து வைத்தேன். "ரம்ஸி பேக் கேட்டது கிடைக்கவில்லை. கிடைப்பதற்கு முன்பே காபியைக் குடித்துவிட்டார். ஐன் ஸஃபா மக்களின் வழக்கு வெள்ளிக்கிழமை நடக்கும்" என்றேன். அவ்வளவுதான், திரையில் பாட்டுப் போட்டுவிட்டார்கள். மேலாளர் கத்தினார். வாசல் காவலாளி என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, "எங்க ஊர்லயும் காபியைக் கீழே வச்சு இப்படித்தான் கேப்பாங்க. நல்லா சொன்னீங்கம்மா" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

வருத்தப்படாதே. ஆறு வருஷமாக அவர்கள் எழுதிக் கொடுத்ததைப் படித்துக்கொண்டிருந்தேன். நேற்றுதான் செய்தி வாசித்தேன்.

வெள்ளிக்கிழமை நீதிமன்றத்தில் உன் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் போட்டு வை.

உன் தங்கை
நஜ்லா