வேறொருத்தியைக் காட்டினேன்

அக்டோபர் 9, வியாழன்

மகள் டெல்லாவின் பள்ளியில் இன்று அம்மாக்கள் கூடிக் காபி குடித்தோம். ப்ளேர் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நம்ம ஆறாம் வகுப்புல ஒரு குடும்பம் ஸ்கூல் கட்டணத்துக்கு உதவி வாங்குதாம். யாருன்னு தெரிஞ்சா நாமளும் பாத்து நடந்துக்கலாம்ல?"

என் காது சூடாகிவிட்டது. அந்த உதவிக் கடிதம் என் அலமாரியில், துணிகளுக்கு அடியில் இருக்கிறது.

ஜன்னலுக்கு வெளியே, டெல்லாவின் தோழி சபீனின் அம்மா ஓடெட், கதவு நசுங்கிய காரிலிருந்து இறங்கினாள்.

"ஓடெட்டோட காரைப் பாத்தீங்களா, பாவம்," என்றேன்.

"ஓ..." என்றார்கள். அவ்வளவுதான். ஹைட்டியிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பம். மேசையைச் சுற்றி இருந்த நாங்கள் எல்லோரும் வெள்ளையர்கள். அதனால்தான் அத்தனை சீக்கிரம் நம்பினார்களோ?

அக்டோபர் 10

நான் பொய் சொல்லவில்லை. காரைத்தான் சொன்னேன்.

நவம்பர் 14, வெள்ளி

ப்ளேர் மகளுக்குப் பிறந்தநாள் வருகிறது. அதற்காக டிசம்பரில் வெர்மான்டில் இருக்கும் தங்கள் வீட்டுக்குச் சிறுமிகளைப் பனிச்சறுக்குக்கு அழைத்துப் போகிறாள்.

"சபீனைக் கூப்பிடல மார்னி. உடுப்பு, அது இதுன்னு செலவு. கூப்பிட்டு எதுக்குச் சங்கடப்படுத்தணும்? டெல்லா வர்றால்ல?"

"வர்றா," என்றேன்.

நவம்பர் 17, திங்கள்

டெல்லா சாப்பாட்டைத் தொடவில்லை. மதியம் சபீன் கழிப்பறையில் உட்கார்ந்து அழுதாளாம்.

"அவங்க ஏழைன்னு எல்லாரும் சொல்றாங்கம்மா. அவங்க அம்மா இதய டாக்டர்! உதவி வாங்குறது நாமதானே?"

இவளுக்கு எப்படி — எப்போதிலிருந்து தெரியும்?

"யாரும்மா அவங்கன்னு சொன்னது?"

தட்டை எடுத்துப் போய்க் கழுவினேன். கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினேன். ஐயோ, புள்ள முகத்தப் பாக்க முடியலையே.

நவம்பர் 19

பள்ளி வாசலில் ஓடெட்டை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நாங்க நிஜமாவே உதவி வாங்குறவங்களா இருந்திருந்தா, இன்னிக்கு வந்து சொல்லியிருப்பீங்களா?"

சொல்லியிருக்க மாட்டேன். அவளுக்கும் அது தெரிந்தது.

அவள் போன பிறகு அங்கே நின்றபடியே ப்ளேருக்குப் போன் செய்தேன். "அது ஓடெட் இல்ல. நாங்கதான்."

 "அடடா, மார்னி... எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே," என்றாள். எத்தனை கனிவு அந்தக் குரலில்! என் உடம்பே கூசியது. இந்தக் கனிவைத்தானே ஓடெட் தலையில் கட்டினேன்?

நவம்பர் 21

ப்ளேரின் குறுஞ்செய்தி. வேனில் இடம் பத்தவில்லையாம், டெல்லாவை இன்னொரு தடவை அழைப்பார்களாம். சபீனுக்கு அழைப்பு போயிருக்கிறது.

டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், காரைக் காட்டியதையும். எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள்.

டிசம்பர் 6, சனி

மற்ற பிள்ளைகள் காலையிலேயே வெர்மான்ட் கிளம்பிவிட்டார்கள். பத்து மணிக்கு அழைப்பு மணி. சபீன்!

"எனக்குக் குளிரே ஆகாது ஆன்ட்டி," என்றபடி மாடிக்கு ஓடினாள். அவளுக்குப் பின்னால் ஓடெட், வாசற்படியில்.

"உள்ள வாங்களேன், காபி சாப்பிடலாம்."

"அஞ்சு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மேலே இரண்டும் எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கின்றன. எடுத்து வைத்த இரண்டு கோப்பைகளில் ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்தேன்.