வாடகை மோட்டார் சைக்கிளில் உங்கள் மகன்

என் பிரியமுள்ள முத்தையாவின் அப்பாவுக்கு,

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். மூத்தவளின் பெண் செல்லம் தமிழ்ப் பள்ளியில் முதலாவதாகத் தேறி, இப்போது அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கிறாள். அவள் தம்பி ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் வேலைக்குப் பழகுகிறான். அவன் ஊசி போட்டால் வலிப்பதே இல்லையாம். நம் முத்தையாவின் மகன் சிங்காரம் பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் பெரிய பையன்களையெல்லாம் முந்திக் கோப்பை வாங்கி வந்தான். அந்தக் கால் உங்கள் கால்.

இதைத் தோட்டத்துக் கூலி லயத்து வீட்டிலிருந்து எழுதவில்லை. சுங்கை பினாங்கில் ஓர் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே எப்படி வந்தாய் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பத்திரிகைக்காரர் எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

தைப்பூசத்துக்குத் தோட்டத்தில் லீவு விட்டார்கள். முத்தையா, மருமகள், சிங்காரம், நான், எல்லாரும் ஃபெரி ஏறிப் பினாங்குக்கு வந்தோம். தேர் பார்த்த மறுநாள் முத்தையா ஒரு சீனர் கடையிலிருந்து மோட்டார் சைக்கிளை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து வந்து நின்றான். பக்கத்தில் ஆள் உட்காரத் தொட்டி வைத்த வண்டி. தோட்டத்து டிரஸ்ஸர் ஐயாவின் வண்டியைத் துடைத்துத் துடைத்தே ஓட்டப் பழகியவனாயிற்றே. மருமகள் பயந்து வரமாட்டேன் என்றுவிட்டாள்.

"ஆத்தா, ஏறு. தொரை பொஞ்சாதி மாதிரி சாஞ்சு உக்காந்துக்க."

"தொரை பொஞ்சாதி வெத்தலை போடுவாளாடா?"

"நீ போடு. ஆனா காத்துலே துப்பிராதே. என் மூஞ்சியிலேதான் அடிக்கும்."

சிங்காரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். தஞ்சோங் பூங்கா ரோட்டில் கடல் கூடவே வந்தது. எதிரே ஒரு கறுப்புக் கார். நம் தோட்டத்துப் பெரிய துரையின் கார். அவரும் லீவுக்குக் கடலில் குளிக்க வந்திருக்கிறார்.

தோட்டத்தில் துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, குடையை மடக்கி, ஓரமாக நிற்க வேண்டும். வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழையில் குனிந்து மிதித்து வந்த ஒரு நாள் நீங்கள் அவரைப் பார்க்கவில்லை. அவர் பிரம்பு உங்கள் முதுகைக் கிழித்தது. அந்தத் தழும்பின் மேல் தண்ணீர் ஊற்றித்தான் உங்களைக் கடைசியாகக் குளிப்பாட்டினோம்.

முத்தையா தன் பாட்டுக்குப் போயிருந்தால் துரைக்கு ஆள் அடையாளமே தெரிந்திருக்காது. பழகிய கால் கேட்கவில்லை. வண்டியை ஓரங்கட்டி ஒரு காலைத் தரையில் ஊன்றிவிட்டான். அதைப் பார்த்துத்தான் கார் நின்றது. பினாங்கு ரோட்டில் வேறு எவன் துரையைக் கண்டு இறங்குவான்?

மடியிலிருந்த சிங்காரம் கேட்டான், "ஏம்ப்பா இறங்குறே?"

முத்தையா அவனைப் பார்த்தான். காலை எடுத்து மறுபடியும் வண்டியில் சரியாக உட்கார்ந்தான்.

துரை பிரம்போடு வந்தார். பேசியது தமிழ்தான், நம்மை ஏசுவதற்கென்றே கற்ற தமிழ். "டேய், இறங்குடா."

"இது தோட்டமில்லே தொரே. சர்க்கார் ரோடு."

"என்ன வாய்? இறங்கு."

"வாடகை குடுத்திருக்கேன் தொரே. சாயங்காலம் வரைக்கும் இறங்க மாட்டேன்."

முதல் அடியிலேயே புருவம் பிளந்தது. அடுத்தது வாயில். பல் உடைந்து என் சேலையில் விழுந்தது. அவன் கைப்பிடியை விடவில்லை. காரோட்டி நம் ஆள்தான், பின்னாலிருந்து அவன் கழுத்தை வளைத்து இழுத்தான். "இறங்கித் தொலைடா. நானும் புள்ளகுட்டிக்காரன்" என்று அழுதுகொண்டே இழுத்தான்.

அடுத்த அடி சிங்காரத்தின் தோளில் விழுந்தது.

அப்போதுதான் முத்தையா பிரம்பைப் பிடித்தான். பிரம்போடு சேர்த்துத் துரையைத் தன் பக்கம் இழுத்து, நெற்றியால் மூக்கில் முட்டினான். எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. துரை விழுந்தார், எழுந்து வந்து இரண்டு கையாலும் என் பிள்ளையின் தொண்டையை நெரித்தார். என் காலடியில் தூக்குச்சட்டி இருந்தது. புளிச்சோறு நிறைந்த பித்தளைச் சட்டி. துரையின் காதைப் பார்த்து ஓங்கிப் போட்டேன். கை தளரவில்லை, மறுபடியும் போட்டேன். பிடி விட்டது. சோறும் ரத்தமுமாக ரோட்டில் கிடந்தது. இன்றைக்கு நினைத்தாலும் என் கைக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

போலீஸ்காரர்கள் வந்து, மறுபடியும் கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்களில் தடியால் அடித்துப் பிரித்துத்தான் அவனைக் கீழே இழுத்தார்கள். அவனாக இறங்கவில்லை. இதை நீங்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கோர்ட்டில் என்னைக் கிழவி என்று விட்டுவிட்டு, அவனைப் பத்து நாள் உள்ளே போட்டார்கள். லயத்து வீட்டிலிருந்த நம் சாமான்களை மழையில் எறிந்தார்கள். வெளியே வந்தவனை வேறு எந்தத் தோட்டமும் சேர்க்கவில்லை. கட்டுப் போட்ட முகத்தோடு சிங்கப்பூர்க் கப்பல் ஏறினான். அங்கே மோட்டார்ப் பட்டறையில் வேலை. மாதம் தவறாமல் பணம் வருகிறது.

நீங்கள் இருந்திருந்தால் இறங்கச் சொல்லியிருப்பீர்களா? "நீங்களாவது சொல்லியிருக்கலாமே அத்தே" என்று மருமகள் கேட்கிறாள். அவள் கேட்பதும் நியாயம்தானே? சிங்காரத்தின் தோளில் ஒரு கோடு நின்றுவிட்டது. ராத்திரி அதில் நான்தான் எண்ணெய் தடவிவிடுகிறேன்.

உங்களை ஒருவரும் படம் எடுத்ததில்லை. ஆனால் வருகிற திதிக்குப் படையல் போடும்போது உங்கள் மகனின் படத்தை உங்களுக்குக் காட்டுவேன். இது என் சத்தியம்.

முத்தையா, இந்தப் பத்திரிகை சிங்கப்பூருக்கும் வருமாம். நீயும் வாசிப்பாய். கட்டவிழ்த்த பிறகு உன் முகத்தை நான் பார்க்கவில்லை. புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. பல் போன வாயை மூடிக்கொள்ளாதே. பட்டறையில் யாருடைய மோட்டார் சைக்கிளாவது நிற்கும், அதில் உட்கார்ந்து எடு. கால் தரையில் படக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் மனைவி,
முத்தையாவின் ஆத்தா, சிங்காரத்தின் அப்பத்தா