கொட்டகையில் பார்த்த வாள் சண்டை

1972, தை மாதம், ஞாயிறு.

நான் சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பெண் என்று கல்யாணமாகி எட்டு மாதமாக மாமியார் என்னிடம் பேசவில்லை. இன்று என் கணவர் எங்கள் இருவரையும் மண்ணூர் டூரிங் கொட்டகைக்குப் படம் பார்க்கக் கூட்டிப்போனார். ஊராரின் நிலத்தைப் பிடுங்கிய தளபதியோடு கதாநாயகன் தனியாக வாள் சண்டை போட்டான். பின்னாலிருந்து ஒருவன் ஈட்டியோடு வந்ததும் மாமியார் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "பின்னால வர்றான், திரும்பிப் பார்டா" என்று கத்தினார். கதாநாயகன் திரும்பிவிட்டான். மாமியார் கையை விடவில்லை.

வீட்டுக்கு நடக்கையில், "கடைசியில பயத்துல கண்ண மூடிக்கினேன். அந்தத் தளபதி இன்னா ஆனான்?" என்று என்னைக் கேட்டார். வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"நாளைக்கும் இந்தப் படந்தான். நாம ரெண்டு பேரும் போலாம். உம் புருசன் வூட்டப் பாத்துக்கட்டும்" என்றார். இவர் முகம் போன போக்கை நினைத்தால் எழுதவே முடியாமல் சிரிப்பு வருகிறது.